தலைமடைக்கு வருகிறவர்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்து கோடை விடுமுறைக்கு நீலகிரி ஏறி வரும் உறவுகளே,



பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் உங்கள் வீடுகளில் ஊட்டிப் பேச்சு தொடங்கிவிடும். கீழே வெயில் வாட்டி எடுக்கும்போது, காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் ஏறிவிடக்கூடிய குளிர்ந்த மலை பக்கத்திலேயே இருந்தால் யாருக்குத்தான் வரத் தோன்றாது? தாராளமாக வாருங்கள். விடுதி, கடை, டாக்சி, குதிரை, காய்கறித் தோட்டம் என்று உங்கள் வரவை நம்பி உலை வைக்கும் குடும்பங்கள் இந்த மலையில் பல்லாயிரம் உண்டு. எப்போது வருவது, எதில் வருவது, வந்து எதைப் பார்ப்பது என்ற மூன்றையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். மலையில் வாழும் எனக்கு உங்களிடம் இதைக் கேட்கும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். நீங்களும் நாங்களும் ஒரே மலையின் தண்ணீரைக் குடிக்கிறவர்கள்.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு நீலகிரி ஒரு சுற்றுலாத் தலம். உங்களுக்கோ அது தலைமடை. உங்கள் குழாயிலும் வாய்க்காலிலும் ஓடும் நீரின் வழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே வந்தால் இந்த மேட்டுநிலத்தில்தான் வந்து நிற்பீர்கள். முக்கூர்த்தி மலையில் பிறக்கும் பைக்காரா ஆறு வடக்கு விளிம்பில் சரிந்து இறங்கி, மாயாறாக ஓடிப் பவானிசாகரில் சேர்கிறது. தென்மேற்கு மூலையில் பிறக்கும் பவானி கேரளத்துக்குள் இறங்கி, அட்டப்பாடி வழியாகக் கிழக்கே திரும்பி, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருகிறது. குந்தாவின் நீரும் அதனோடு சேர்ந்து பில்லூர் அணை நிரம்புகிறது. கோவைக்குப் பில்லூர் குடிநீர் போவது அங்கிருந்துதான். மேட்டுப்பாளையத்தில் ஆற்றிலிருந்து எடுக்கும் நீர் திருப்பூருக்குப் போகிறது. மீதி பவானிசாகரில் தேங்குகிறது.

1948-இல் தொடங்கி 1955-இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானிக் கால்வாய் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. கொடிவேரியில் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிகின்றன. பவானி காவிரியோடு கலக்கும் இடத்துக்குச் சற்று முன்பு, 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காளிங்கராயன் வாய்க்கால் இன்றும் ஓடுகிறது. அறுபது ஆண்டுக் காலம் நீங்கள் கேட்டுக்கேட்டு, 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோவதும் இதே பவானியின் உபரி நீரைத்தான். நஞ்சை, மஞ்சள், கரும்பு, சாயப்பட்டறை, பனியன் கம்பெனி என்று கொங்கு நாட்டின் எந்த வாழ்வாதாரத்தைத் தொட்டாலும் அதில் இந்த மலையின் ஈரம் இருக்கிறது.

நீங்கள் தேடி வருவது குளிரை. அந்தக் குளிர் உயரம் தருவது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டரில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டரில். அந்த உயரம் இருக்கும்வரை கீழேயுள்ள ஊர்களைவிட ஊட்டி குளிர்ந்தே இருக்கும். தண்ணீருக்கு அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. மேலே என்ன வளர்கிறது, எதை வெட்டுகிறோம், எங்கே கட்டடம் எழுப்புகிறோம் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும்.

இந்த மலை தண்ணீரைச் சேமிக்கும் விதத்தைச் சொல்லவேண்டும். தென்மேற்குப் பருவமழை அவலாஞ்சி, அப்பர் பவானி போன்ற மேற்கு விளிம்பில் கொட்டுகிறது. வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கத்துக் கிழக்குச் சரிவுகளை நனைக்கிறது. மழை பெய்வது சில மாதங்கள்தான். ஓடைகளோ கோடையிலும் வற்றாமல் ஓட வேண்டியவை. இடைப்பட்ட மாதங்களுக்கான நீரை மூன்று இடங்கள் வைத்திருக்கின்றன: குன்றுகளின் மேல் பரந்த புல்வெளி, குன்றுகளின் மடிப்புகளுக்குள் சோலை, அவற்றுக்குக் கீழே சதுப்பு.

புல்வெளியின் வேர் அடர்த்தியானது. அது குடிப்பதும் குறைவு. பனிக்காலத்தில் உறைபனி பட்டுப் பழுப்பேறி அடங்கிவிடும். அதனால் பெய்த மழையில் பெரும்பகுதியை மண்ணுக்குள் இறங்க விட்டுவிடுகிறது. சோலையின் மரங்கள் உயரத்தில் சிறியவை, தலைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் குடை பிடித்தவை. கிளைகளெல்லாம் பாசியும் ஆர்க்கிட் செடிகளும். மூடுபனி அந்த இலைகளில் பட்டுச் சொட்டும். உதிர்ந்த இலைமெத்தை அதை வாங்கிக்கொள்ளும். பள்ளத்துச் சதுப்பு அதையெல்லாம் தேக்கி, முந்தானையில் முடிந்துவைத்த காசை அன்றாடம் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடுக்கும் பாட்டி மாதிரி, ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பவானியில் நீர் வருவது இந்தச் சிக்கனத்தால்தான்.

இந்தப் புல்வெளி காட்டை அழித்ததால் உண்டானது என்று பலர் நினைத்திருக்கிறார்கள். சூழலியல் அறிஞர் ராமன் சுகுமாரும் அவருடைய சகாக்களும் நீலகிரிச் சதுப்புகளின் கரிமண் அடுக்குகளை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் விரிந்திருந்ததைக் காட்டியது. பனிக்காலத்து இரவுகளில் திறந்த மேட்டில் உறைபனி பிடிக்கும். சோலை மரக் கன்றுகள் அதில் கருகிப்போகும். அதனால் மரம் மடிப்புக்குள்ளேயே நிற்கிறது, புல் மேட்டை ஆள்கிறது. இரண்டும் தத்தம் எல்லை மாறாமல் நெடுங்காலமாக வாழ்ந்துவந்தவை.

1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். அதன்பின் சில ஆண்டுகளில் ஊட்டியில் பங்களாக்கள் எழுந்தன, ஏரி உருவானது, பிறகு சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரம் இங்கே வந்தது. வந்தவர்களின் கண்ணுக்குப் புல்வெளி வெறும் தரிசாகத் தெரிந்தது. விறகுக்கு மரம் வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்தார்கள். நாடு விடுதலை பெற்ற பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. தோல் பதனிடப் பட்டை வேண்டும், ஆலைக்கு மரக்கூழ் வேண்டும் என்று புல்வெளிகளில் சீகையும் கற்பூர மரமும் பைன் மரமும் வரிசை வரிசையாக நட்டார்கள். அதில் சீகை நட்ட இடத்தோடு நிற்கவில்லை. தானே விதை பரப்பி மேடெல்லாம் ஏறிவிட்டது. பக்கத்துப் பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு சொல்கிறது. அங்கேயும் முக்கியக் காரணம் இதே மரத் தோட்டங்களும் விவசாயமும்தான்.

மரம் நட்டால் மழை வரும், தண்ணீர் பெருகும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இந்த மலைக்கு அந்தப் பாடம் பொருந்தாது. ஊட்டியிலுள்ள மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றில் கற்பூர மரம் நட்டு, ஆண்டுக்கணக்கில் ஓடை நீரை அளந்தது. மரம் நட்ட பக்கத்தில் முதல் சுற்றிலேயே நீர்வரத்து ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய மரங்கள் மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று போராடும் ஒரு விவசாயிக்கு இந்தக் கணக்கைவிட முக்கியமான செய்தி மலையில் வேறு இல்லை.

இனி நீங்கள் வந்து பார்க்கும் இடங்களுக்கு வருகிறேன். ஊட்டி–கூடலூர் சாலையில் பைன் காட்டில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த மரங்களின் கீழே கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஊசி இலைகள் மூடிய தரையில் புல்லோ பூவோ அதிகம் இராது. அது காடல்ல, கைவிட்ட தோட்டம். மேட்டுச் சரிவுகளில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து அழகு காட்டும் ஸ்காட்ச் புரூம் ஐரோப்பாவிலிருந்து வந்த புதர், புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஊர் திரும்பும்போது வாங்கிப்போகும் நீலகிரித் தைலம்கூட ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்தக் கற்பூர மரத்தின் இலையில் வடித்ததுதான். இவற்றை வெறுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இவைதான் நீலகிரி என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போய்விடாதீர்கள் என்கிறேன்.

அதே சாலையில், சினிமாப் படப்பிடிப்பு இடம் என்று சொல்லி உங்களைக் கூட்டிப்போகும் வென்லாக் டவுன்ஸ் மேடுதான் எஞ்சியிருக்கும் புல்வெளிகளில் ஒன்று. அங்கே போனால் இந்தப் பாட்டுக்கு இங்கே ஆடினார்கள் என்பதோடு முடித்துவிடாமல், "நம்ம வாய்க்கால் இங்கேதான் கண்ணு தொடங்குது" என்று ஒரு வார்த்தை பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தொட்டபெட்டாவுக்குப் போனால், 2,637 மீட்டர் உச்சியில் தொலைநோக்கிக்கு வரிசை நிற்பதோடு, ஏறும் வழியில் இரண்டு பக்கமும் நிற்கும் சோலையைக் கவனியுங்கள். துளிர் விடும் நேரத்தில் அந்த மரத்தலைகளில் சிவப்பும் செம்பும் இளம்பச்சையும் கலந்து கிடக்கும். நீலகிரிச் சிரிப்பான் குருவியின் குரலைக் கேட்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர்தான். கீழேயுள்ள கிராமங்களின் குடிநீர் அதிலிருந்து வருகிறது. அந்த ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் வனத்துறையும் சேர்ந்து அதைக் காப்பாற்றினார்கள். 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் அது சேர்ந்தது. ஈரநிலம் என்றால் ஏரியும் கழிமுகமும் என்றே நினைத்துப் பழகிய நமக்கு, ஒரு சிறு காடு அந்தப் பட்டியலில் ஏறியிருப்பதே பெரிய பாடம்.

முக்கூர்த்தியின் செங்குத்துப் பாறைகளிலும் புல்மேடுகளிலும் வாழும் வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அது அடர்காட்டு விலங்கல்ல, புல்லும் பாறையும்தான் அதன் உலகம். முக்கூர்த்தி தேசியப் பூங்காவே அதைக் காக்கத்தான் உருவானது. 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த வரையாட்டுத் திட்டத்தின் உயிர்நாடியும் புல்வெளியை மீட்பதுதான். மலர்க் கண்காட்சியில் பூவில் செய்த உருவங்களைப் பார்த்து வியக்கும் பிள்ளைகள் இந்த ஆட்டைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டு போகட்டும்.

இந்தப் புல்லை நம்பி வாழ்ந்த மக்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். தோடர்களின் எருமைகள் மேய்ந்தது இந்த மேட்டில்தான். அவர்களுடைய கோயில்களின் கூரைக்குச் சதுப்பில் மட்டும் வளரும் ஒருவகைப் புல் வேண்டும். சதுப்பு சுருங்கச் சுருங்க அந்தப் புல்லைத் தேடி வெகுதூரம் அலைகிறார்கள். இரும்பு வேலையும் மண்பாண்டமும் இசையும் தெரிந்த கோத்தர்கள், இந்த மேட்டில் உழுது வாழ்ந்த படுகர்கள், சரிவுக் காடுகளில் வாழும் குறும்பர், இருளர் என்று ஒவ்வொருவருக்கும் மலையில் ஓர் இடமும் தொழிலும் உறவும் இருந்தன. தோடர்களின் குடியிருப்பான மந்து ஒன்றுக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால், அது ஒரு குடும்பத்தின் வாசல் என்று நினைத்துப் போங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்களுடைய கோயிலை நெருங்காதீர்கள். சிவப்பும் கறுப்புமாய் அவர்கள் நெய்யும் பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை விலை பேசிக் குறைக்காமல் வாங்கினால் அது பெரிய உதவி.

அடுத்து, காலத்தைப் பற்றி. நீங்கள் வரும் மே மாதம், மலையில் தண்ணீர் மிகக் குறைந்திருக்கும் சமயம். 2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகரத்தின் மக்கள்தொகை 88,430. இந்த ஊருக்குப் பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து, தொட்டபெட்டா, டைகர் ஹில் என்று சில நீர்த்தேக்கங்கள். குன்னூருக்கு ரேலியா அணை. கோடையின் கடைசியில் இவை இறங்கிக் கிடக்கும்போதுதான் லட்சக்கணக்கில் விருந்தாளிகள் வருகிறீர்கள். விடுதிகளுக்கு லாரியில் தண்ணீர் போகும். குன்னூரின் வார்டுகளில் குடங்கள் வரிசையில் நிற்கும். விருந்தாளி குளிக்கக் கூடாது என்று எந்த வீட்டுக்காரரும் சொல்லமாட்டார். ஆனால் வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்து செலவு செய்கிற விருந்தாளியை அவர் மறக்கவும் மாட்டார்.

வண்டிகளின் கதை உங்களுக்கே தெரியும். சீசனில் நாளொன்றுக்கு 11,500 கார்களும் 6,500 இருசக்கர வாகனங்களும் சேர்த்து ஏறத்தாழ 20,000 வண்டிகள் வருவதாக 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசு சொன்னது. அதன் பிறகுதான் அந்த ஆண்டு மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. இதை எதிர்த்து இங்குள்ள வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். சீசனின் இரண்டு மாதச் சம்பாத்தியத்தில் ஆண்டு முழுவதையும் ஓட்டுகிறவர்களின் கவலை நியாயமானது. ஆனால் 20,000 வண்டிகளை இந்தச் சாலைகள் தாங்காது என்பதும் அதே அளவுக்கு உண்மை. பர்லியாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மூன்று மணி நேரம் காரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த வரிசையில் ஆம்புலன்ஸ் சிக்கினால் எங்கள் வீட்டு நோயாளி கோவை போய்ச் சேரமாட்டார்.

இரண்டு தரப்புக்கும் நல்லதாக ஒரு வழி இருக்கிறது. மே மாதத்தில் நெருக்கியடித்து வரும் கூட்டம் ஆண்டு முழுதும் பரவினால் வணிகரும் பிழைப்பார், மலையும் தாங்கும். கொங்கு நாட்டவர்களாகிய உங்களால்தான் அதைச் செய்ய முடியும். விமானம் ஏறி வருகிறவர்களுக்கு வருடத்தில் ஒரு தரம்தான் வாய்க்கும். உங்களுக்குக் காலாண்டு விடுமுறை போதும். செப்டம்பர், அக்டோபரில் இங்கே இரண்டாம் சீசன். மழை கழுவிய மலை பச்சைப் பசேலென்று நிற்கும், ஓடைகள் நிறைந்து ஓடும், 1848-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் மறுபடி பூ நிறைந்திருக்கும், அறை வாடகையும் குறைந்திருக்கும். உறைபனி பார்க்க வேண்டுமென்றால் ஜனவரியில் வந்து விடியற்காலையில் புல்வெளி ஓரம் போய் நில்லுங்கள். புல்நுனியெல்லாம் வெள்ளையாய் இருக்கும். கம்பளிச் சட்டையும் குல்லாவும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு. 2009 நவம்பரில் கிழக்குச் சரிவுகளில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கனமழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அறைக்குக் கட்டிய முன்பணத்தைப் பெரிதாக நினைக்காதீர்கள். சரிவை வெட்டி அடுக்கடுக்காய்க் கட்டிய கட்டடங்கள் மழையில் என்னவாகும் என்று கட்டியவர்களுக்கே தெரியாது. தங்கும் இடம் அனுமதி பெற்றதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள். முதுமலைப் பக்கம் சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தை மறித்து எழுந்த விடுதிகள் பற்றிய வழக்கில், வழித்தடம் செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. யானையின் பாதையில் படுத்துறங்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கும்வரை அங்கே விடுதி கட்டுகிறவர்களும் இருப்பார்கள்.

முடிந்தால் பேருந்தில் வாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாகவும் கோத்தகிரி வழியாகவும் அரசுப் பேருந்துகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பேருந்துப் பயணிக்கு இ-பாஸும் வேண்டாம். மேலே வந்த பிறகு உள்ளூர் டாக்சியையோ ஆட்டோவையோ எடுத்தால் அந்தப் பணம் இங்கேயே ஒரு குடும்பத்துக்குப் போகும். கொண்டை ஊசி வளைவு பழகிய கையில் உங்கள் பிள்ளைகளும் பத்திரமாக இருப்பார்கள். சொந்த வண்டிதான் என்றால் இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது கியரில் இறங்குங்கள். கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பது வீம்புக்கல்ல. அங்கே போன உயிர்கள் அத்தனை.

மலை ரயிலில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் ஊட்டி வரையிலும் வந்த இந்தப் பாதை 46 கிலோமீட்டர். 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் பிடித்து ஏறுகிறது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. மேலே வர ஐந்து மணி நேரம் ஆகும். கல்லாற்றின் பாக்குத் தோப்பிலிருந்து புறப்பட்டு, ஈரக்காடு, தேயிலை, கற்பூர மரம் என்று மலை தன் அடுக்குகளை ஒவ்வொன்றாகக் காட்டும். காரில் வந்தால் கிடைக்காத பாடம் அது.

ஒரே நாளில் வந்து பத்து இடம் பார்த்து இரவோடு இரவாக இறங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இரண்டு இரவு தங்கி, மூன்றே இடங்களை நிதானமாகப் பாருங்கள். சாலையில் திரியும் வண்டி குறையும், ஊரில் தங்கும் பணம் கூடும். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். நிரப்பிக்கொள்ளச் சாலையோரம் தண்ணீர் ஏடிஎம்கள் இருக்கின்றன. பிளாஸ்டிக்கை விலக்குவதில் இந்த மாவட்டம் நாட்டுக்கே முன்னோடி. 2000-ஆம் ஆண்டையொட்டியே ஆட்சியர் சுப்ரியா சாகுவின் காலத்தில் அந்த வேலை தொடங்கிவிட்டது. பர்லியாறு வளைவில் குரங்குக்குச் சிப்ஸ் போடாதீர்கள். பலா பழுக்கும் காலத்தில் கல்லாறு, பர்லியாறு சாலையில் யானை நிற்கும். ஊருக்குள்ளேயே காட்டெருமை வரும். செல்பிக்காகக் கிட்டே போய் உயிரை விட்டவர்களின் பட்டியலில் உங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயர் சேர வேண்டாம்.

மலையின் கேடுகளுக்கெல்லாம் விருந்தாளிகளே காரணம் என்று நான் சொல்லவில்லை. சதுப்பின் விளிம்பு வரை கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டது மலைக்காரர்கள். ஊட்டி ஏரியில் கலப்பது மலை நகரத்தின் சாக்கடை. புல்வெளியில் மரம் நட்டது அரசு. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வாழ்வு தர 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள்கூட இந்த நிலத்தில்தான் இடம் தேடின. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, பல காரணங்கள் நியாயமானவையும்கூட. ஆனால் எல்லாம் சேர்ந்து தாங்கவேண்டியது ஒரே மேட்டுநிலம். அதன் மீதிப் புல்லை இனியும் இழக்கக்கூடாது.

அதனால்தான் கடைசியாக உங்களிடம் ஒரு பெரிய உதவி கேட்கிறேன். கீழ்பவானிக் கால்வாயில் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று நீங்கள் ஊர் ஊராகக் கூடிப் பேசினீர்கள், போராடினீர்கள். அத்திக்கடவுக்காக மூன்று தலைமுறை குரல் கொடுத்தீர்கள். ஒரு வாய்க்காலின் கரைக்காக இத்தனை உறுதியோடு நிற்கத் தெரிந்தவர்கள் அந்த வாய்க்கால் பிறக்கும் இடத்துக்காகவும் நிற்க வேண்டும். வனத்துறை அந்நிய மரங்களை அகற்றிப் புல்லை மீட்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறது. அது மெதுவான வேலை. வெட்டிய இடத்தில் சீகை மறுபடி முளைக்கும், ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும், புல்லை நாற்றுவிட்டு நட வேண்டும். ஓர் ஆட்சி தொடங்கி இன்னோர் ஆட்சி மறந்துவிட்டால் போட்ட உழைப்பெல்லாம் வீண். மறக்கவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் குரல் மலையிலிருந்து மட்டும் எழுந்தால் போதாது. இங்கே மொத்த மாவட்டத்தின் மக்கள்தொகையே 2011-இல் ஏழே கால் லட்சம் சொச்சம்தான். குரல் பலம் இருப்பது கீழே, தண்ணீர் பாயும் இடத்தில்.

உங்கள் பாசன சபைக் கூட்டத்தில், தொழில் அமைப்புகளில், கிராம சபையில் நீலகிரியின் புல்வெளியை மீட்பது பற்றி ஒரு தீர்மானம் போடுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அணையின் நீர்மட்டத்தோடு சோலையின் நிலையையும் கேளுங்கள். அடுத்த முறை மலையேறும்போது, பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் புல்வெளியைப் பார்க்க ஒதுக்குங்கள். தலைமடையில் புல் இருந்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் வரும்; அதைக் காக்கும் பொறுப்பு உங்களுக்கும் எங்களுக்கும் சரிபாதி.

அன்புடன்,
நீலகிரியிலிருந்து உங்கள் உறவு